டென்ட்டுக்குள் மாமியார் வீடு

காயல்பட்டினத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை; மாப்பிள்ளைதான் போவான். வீடு பெண்ணுக்கு, மரியாதை மாப்பிள்ளைக்கு. அந்த மரியாதையும் லேசுப்பட்டதல்ல. எங்கள் மாமி பழைய காலத்து ஆள். என்னிடம் நேருக்கு நேர் பேசமாட்டார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் மகளைக் கூப்பிட்டு, “மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் கறி வேணுமான்னு கேளு” என்பார். மகள் கேட்பாள். நான் “போதும்” என்பேன். “போதுமாம்மா” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் கறி வந்து விழும்.

தரைமட்டத்தில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு குறையும் வந்ததில்லை. நாலாயிரம் மீட்டர் உயரத்தில், ஒரே ஒரு ஜிப் வைத்த டென்ட்டுக்குள் இது எப்படி நடக்கும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

யோசனை என் மகனுடையது. யூடியூபில் எவனோ ஆற்றங்கரையில் டென்ட் போட்டு, ஒற்றைச் சட்டியில் நூடுல்ஸ் கிண்டித் தின்பதைப் பார்த்துவிட்டான். கொழும்பு, ஹாங்காங், ஜெய்ப்பூர் என்று எங்கள் ஊர்க்காரர்கள் ரத்தினக்கல் வியாபாரத்துக்குப் போகாத இடம் குறைவு. என் மச்சான் ஜெய்ப்பூரில் இருக்கிறார். “வண்டி என்னோடது. மணாலியிலேருந்து லே வரைக்கும் போவோம்” என்று போனில் சொல்லிவிட்டார். மாமி வருவார் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. ஆனால் மகள் போகும் இடத்துக்கு வீடும் போகும் என்பது அவர் கணக்கு.

கேம்பிங் என்றால் குறைவான சாமான் என்று மகன் பாடம் எடுத்தான். மாமி தலையாட்டிக்கொண்டே கட்டினார். மாசிச் சம்பல், ஊறுகாய், ஒரு டின் தம்மடை, பொன்னி அரிசி, அரிசிக்குத் தக்க பெரிய சட்டி. களரி விருந்துச் சாப்பாட்டுக்கு நாலு பேர் சுற்றி உட்காரும் சஹன் தட்டும் மூட்டையில் இருந்தது. “அங்க யாரு களரி வைக்கப் போறா?” என்று மனைவி கேட்டாள். “வச்சாத்தான் தெரியும்” என்றார் மாமி. குக்கர் மட்டும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குக்கர் சோறு நோயாளிக்காம்.

மணாலியைத் தாண்டினால் அடல் சுரங்கப்பாதை. 9.02 கிலோமீட்டர் நீளம். 2020 அக்டோபரில் திறந்தார்கள். அதற்கு முன்னால் 3,978 மீட்டர் உயர ரோத்தாங் கணவாயில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்குமாம். நாங்கள் ஒரு யாசீன் ஓதி முடிப்பதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டோம். சந்திரா ஆறும் பாகா ஆறும் சேரும் தாண்டியில், அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று சொல்லும் புகழ்பெற்ற பலகை இருக்கிறது. மகன் அதை வாசித்துச் சொன்னான். “வருஷத்துக்கே சேத்து ஒரே பங்கா?” என்றார் மாமி.

இந்தச் சாலையைப் பார்த்துக்கொள்வது 1960இல் தொடங்கிய எல்லைச் சாலைகள் அமைப்பு. சாலை போட்டது போக மிச்ச நேரத்தில் அவர்கள் பலகை எழுதுகிறார்கள். வளைவுக்கு வளைவு ஒரு இங்கிலீஷ் புத்திமதி, எதுகை மோனையோடு: குடித்துவிட்டு ஓட்டாதே, வேகமாகப் போகாதே, வீட்டில் ஆள் காத்திருக்கிறது. ஒவ்வொன்றையும் மகன் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். மச்சானும் நானும் மாறி மாறித்தான் ஓட்டினோம். ஆனால் குடிப் பலகைகள் எல்லாம் என் முறையில்தான் வந்து தொலைத்தன. கடைசியில் மாமி மகள் காதில் ஏதோ கேட்டார். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: “மாப்பிள்ளைக்கு அந்தப் பழக்கம் உண்டுமான்னு உம்மா கேக்குறாங்க. கவர்மென்ட்டே இத்தன தடவ எழுதுறதுன்னா காரணம் இருக்குமாமே.”

ஜிஸ்பாவில் பாகா ஆற்றங்கரையில் முதல் டென்ட். சாமான் இறங்கியதும் மாமி தன் வெள்ளைத் துப்பட்டியை எடுத்தார். உள்ளே குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டார். டென்ட் இரண்டானது: அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் நாங்கள். எங்கள் ஊரில் ஆம்பிளை கண்ணில் படாமல் வீட்டுக்கு வீடு போய்வர பெண்களுக்கென்று முடுக்குச் சந்துகள் உண்டு. டென்ட்டுக்குப் பின்பக்கமாகவும் ஒரு முடுக்கு வைத்தால் தேவலை என்று துப்பட்டிக்குப் பின்னாலிருந்து செய்தி வந்தது. கம்பெனிக்காரன் அதற்கு வசதி செய்யவில்லை.

தொழும்போது இன்னொரு சிக்கல். ஊரில் தொழும் திசையான கிப்லா மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். இங்கே போன் மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே காட்டியது. இவ்வளவு வடக்கே ஏறி வந்துவிட்டோம், மக்கா கொஞ்சம் தெற்கே போகத்தானே செய்யும்! மகன் இதைப் பேப்பரில் படம் போட்டு விளக்கினான். மாமி படத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், என் திசையில் லேசாகப் பார்த்தார். பிறகு மகன் சொன்ன பக்கமே நின்றார்.

பாராலாச்சா கணவாயில் ஏறும்போது பின்சீட்டில் டமார் என்று சத்தம். எல்லார் வாயிலும் கலிமா. டயர் இல்லை, சிப்ஸ் பாக்கெட். வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய உள்ளே அடைத்த காற்று உப்பிக்கொண்டே வந்து வெடித்துவிட்டது. மண்சரிவை ஒதுக்கிக்கொண்டிருந்த இடத்தில் வண்டி நின்றது. ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள், முகத்தில் துணி கட்டி மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். மாமி தம்மடை டின்னைத் திறந்து அவர்களுக்குக் கொடுக்கச் சொன்னார். ரவையும் முட்டையும் நெய்யும் சேர்த்து மேலும் கீழும் தணல் போட்டு வேகவைத்த பண்டம் அந்த உயரத்துக்கு ஏறியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். மச்சானோ லென்ஸோடு சரிவில் இறங்கிவிட்டார். இதே ஜான்ஸ்கர் தொடரின் மேற்கே, பாடரில், 1880களின் தொடக்கத்தில் ஒரு மலைச்சரிவுதான் காஷ்மீர் நீலக்கல்லை வெளியே காட்டியது. அந்தக் கல்லுக்கு இன்றைக்கும் தனி விலை. அன்று முதல் லே வரைக்கும் ஒரு சரிவையும் மச்சான் விடவில்லை. டிக்கியில் எடை ஏறியது. நீலம் மட்டும் ஏறவில்லை.

சர்ச்சுவில்தான் சட்டி இறங்கியது. சுமார் 4,290 மீட்டர். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது. மாமிக்கு இது தெரியாது. தளதளவென்று கொதிக்கிறது, அரிசி அப்படியே கிடக்கிறது. கறியும் அப்படியே. “தண்ணி பொய் சொல்லுது” என்றார். மூடி மேல் கல்லை வைத்தார். அந்த வகையில் மச்சானின் சேகரிப்பு ஒரு தடவை பயன்பட்டது.

இதே புகாரை எழுநூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் சொல்லியிருக்கிறார். மார்க்கோ போலோ பாமீர் பீடபூமியைக் கடக்கும்போது, அங்கே தீ பிரகாசமாக எரியவில்லை, சாப்பாடு சரியாக வேகவில்லை என்று எழுதினார். பழியைக் குளிரின் மேல் போட்டார். அதே மனிதர் பிறகு எங்கள் கரைக்கும் வந்து, காயல் துறைமுகத்தில் இறங்கும் அரபுக் குதிரைகளைப் பற்றி எழுதினார். அது இன்றைய காயல்பட்டினம் அல்ல, பழையகாயல்தான் என்பது கால்டுவெல் பாதிரியாரின் கட்சி. ஊர்ப் பெருமை விஷயத்தில் நாங்கள் பாதிரியார் பேச்சைக் கேட்பதில்லை. பாண்டிய நாட்டில் குதிரைகளுக்குச் சோறும் வேகவைத்த கறியும் போடுகிறார்கள், அதனால்தான் அவை செத்துப்போகின்றன என்றும் போலோ குறைப்பட்டிருக்கிறார். வந்தவர் குதிரையானாலும் களரி போடாமல் அனுப்புவது நம் பக்கத்து வழக்கமில்லை. அந்த வழக்கப்படி நாங்களும் அரைவேக்காட்டுச் சோற்றை சஹனைச் சுற்றி உட்கார்ந்து மென்றோம். நானும் குதிரையைப் பற்றி நினைத்துக்கொண்டேன்.

கட்டா லூப்ஸ் என்ற 21 கொண்டை ஊசி வளைவுகளில் நான் ஓட்டினேன். மனைவி வாந்தி மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டாள். மகன் காதில் ஹெட்போன். மச்சான் கண் வழக்கம்போல் சரிவுக் கற்களில். அதாவது மாமிக்கும் எனக்கும் நடுவே ஆளே இல்லை. ஒரு வளைவில் மேலேயிருந்து லாரி இறங்குகிறது.

“மாப்புள, லாரி!”

பிரேக்கை மிதித்தேன். லாரி உரசாமல் போனது. மச்சான் என்னைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார். லாரியைவிட அவருக்கு அதுதான் அதிர்ச்சி. அடுத்த வளைவுக்குள் மனைவி விழித்துவிட்டாள். “மெதுவாப் போகச் சொல்லு” என்று மாமி அவளிடம் சொன்னார், ஒன்றுமே நடக்காதது மாதிரி.

5,328 மீட்டர் தங்லாங் லாவில் காற்று ஊரில் இருப்பதில் பாதிதான். முத்துக்குளித்த கடற்கரைக்காரர்கள் நாங்கள். மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய்ச் சிப்பி அள்ளியவர்களைப் பார்த்த கரை. தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் நடந்தது 1961இல். அந்தக் கரையிலிருந்து போன நான், போட்டோவுக்காகப் பத்தடி நடந்துவிட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமி சுளுவாக இறங்கி, பலகைக்குப் பக்கத்தில் நின்று, துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார்.

லேயில் கடைத்தெருவின் தலைமாட்டில் 17ஆம் நூற்றாண்டுப் பள்ளிவாசல். அதை ஒட்டிய ஒரு கடையில் அர்கோன் பெண்மணி ஒருவர் இருந்தார். காஷ்மீரிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வந்த முஸ்லிம் வியாபாரிகள் லடாக்கிப் பெண்களைக் கட்டி உண்டான சமூகம் அது. எங்கள் ஊர்க் கதைதான், கப்பலுக்குப் பதில் ஒட்டகம். மாமியும் அவரும் சலாம் சொல்லிக்கொண்டார்கள். பிறகு மொழியே இல்லாமல் கால்மணி நேரம் பேசினார்கள். கைச்சாடையை வைத்துப் பார்த்தால் பேச்சு சோறு வேகாததைப் பற்றி. அந்த அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்த் தன் பாத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். குக்கர்.

மாமி வெளியே வந்தார். நான் ஒரு முழம் தள்ளித்தான் நின்றேன். மகளைக் கூப்பிட்டார்.

“மாப்பிள்ளையை ஒரு குக்கர் வாங்கச் சொல்லு. விசில் சத்தம் ஊர்க்காரங்க காதுல விழாததா பாத்து.”