ஒட்டடைக்கோலுக்கு ஓய்வு: கேத்திக் கோடையை முன்வைத்து ஓர் ஆய்வு

கோடையில் வீட்டுக்கு ஒட்டடை அடிப்பது அறிவியலுக்கு எதிரான செயல் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். களம், கேத்திப் பள்ளத்தாக்கில் ஓர் ஓட்டு வீடு. காலம், ஊட்டிக்குச் சீசன் வந்து வெளியூர்க்காரர்கள் அறை தேடி அலையும் ஏப்ரல், மே. கருவிகள்: பிரம்பு நாற்காலி, கம்பளி, வேளை தவறாத தேநீர்.

பறவைக் கூடுகளைக் கவனிக்கும் இத்துறைக்கு முன்னோடிகள் உண்டு. கோத்தகிரியில் வாழ்ந்த மார்கரெட் காக்பர்ன் அம்மையார் 19ஆம் நூற்றாண்டிலேயே நீலகிரிப் பறவைகளைப் படமாக வரைந்தார். கூடுகளைப் பற்றிய குறிப்புகளை ஆலன் ஆக்டேவியன் ஹியூமுக்கு எழுதி அனுப்பினார். ஹியூம் அத்தகைய குறிப்புகளைத் திரட்டி, இந்தியப் பறவைகளின் கூடு, முட்டை பற்றியே தனிநூல் போட்டவர். 1885இல் தம் சேகரிப்பைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குத் தூக்கிக் கொடுத்தார்; அதே ஆண்டு காங்கிரஸ் பிறக்கவும் காரணமானார். முட்டைகள் கைவிட்டுப் போனதும் மனிதர் கட்சியை அடைகாக்க உட்கார்ந்துவிட்டார் என்பது என் துணைக் கருதுகோள். இதற்கு ஆதாரம் கேட்பது ஆய்வு நாகரிகம் ஆகாது.

இனி தரவுகள். வராந்தா உத்தரத்தில் தகைவிலான் ஜோடி ஒன்று ஈர மண்ணை உருண்டை உருண்டையாக அலகில் கொண்டுவந்து ஒட்டி அரைக்கிண்ணம் கட்டியது. கேத்தி பாலாடாப் பக்கம் கேரட் கழுவும் இடங்களில் சேற்றுக்கா பஞ்சம்? மனைக்கு முன்பணம் இல்லை, வாடகை இல்லை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எழுத்துமூலமான ஒப்பந்தம் கேட்கிறது, அதுவும் இல்லை. ஆனாலும் காலி செய்யச் சொல்ல வழியில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் சேர்ந்தே வருகின்றன. அதாவது, ஒட்டடைக்கோலை உயர்த்திக்கொண்டு வராந்தாவுக்கு வரும் இல்லத்தரசியும் துப்பாக்கியோடு சோலைக்குள் நுழையும் ஆசாமியும் ஒரே சொல்லுக்குள் அடங்குவார்கள். ஹியூம் இன்று இருந்திருந்தால் கட்சி தொடங்க அல்ல, ஜாமீனுக்கே வழக்கறிஞர்களைக் கூட்டியிருப்பார்.

சுவர்ப் பொந்தில் பட்டாணிக் குருவி, வேலிச் செடியில் கொண்டைக்குருவி. இரண்டும் என் கருதுகோளுக்கு உதவாதவை, எனவே விட்டுவிடுகிறேன்.

உதவுவது வெள்ளைக்கண்ணி. கட்டைவிரல் பருமனே இருக்கும் இந்தப் பறவை, கிளைக் கவையில் நாரும் புல்லும் கொண்டு தொட்டில்போல் கூடு கட்டும். அதை இறுக்கிப் பிணைப்பது சிலந்தி நூல். சிலந்தி நூல் நாள்பட்டால் ஒட்டடை. ஆகவே வீட்டில் ஒட்டடை அடிப்பவர் ஒரு கட்டடத் தொழிலாளியின் சிமென்டைப் பறிக்கிறார். மூன்று வாக்கியங்களில் இவ்வளவு உறுதியான நிரூபணத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆய்வுரையை வீட்டில் வாசித்தபோது எழுந்த ஒரே மறுப்பையும் நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

“ஏங்க, தகைவிலான் வராந்தாவுலதானே இருக்கு? சமையக்கட்டுல என்ன குருவி குடியிருக்கு?”

“அங்கே வெள்ளைக்கண்ணிக்கான மூலப்பொருள் இருக்கிறது.”

“அது சன்னல் வழியா உள்ள வந்து எடுத்ததை நீங்க பார்த்தீங்களா? நீங்களே அடிச்சு, அள்ளிக்கிட்டுப் போய் வேலியில போட்டுட்டு வாங்க. அதுக்கும் வேலை மிச்சம்.”

இந்த எதிர்வாதம் கோட்பாட்டு அளவில் வலுவானது. முறையியலில் மட்டும் குறையுடையது. மாதிரியைக் களத்திலிருந்து அகற்றிவிட்டால் ஆய்வு எப்படி நடக்கும்? இதை விளக்க முற்பட்டபோது, நான்கு மணித் தேநீர் நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது. நிதிநல்கை இல்லாமல் எந்த ஆய்வும் நடந்ததில்லை என்பதால், சமையலறை இவ்வாய்வின் எல்லைக்குள் வராது எனத் திருத்தி, கோலைக் கையில் எடுத்திருக்கிறேன்.