ஒரு தரம், இரண்டு தரம், அறுபத்தாறு தரம்

கல்யாண மண்டபத்தில் மொய் எழுதும் மேஜைக்குப் பக்கத்தில், கவரும் கையுமாக ஒருவர் ட்யூப்லைட் வெளிச்சத்தைத் தேடிக்கொண்டு நின்றால், நூற்றொன்றா ஐநூற்றொன்றா என்று யோசிக்கிறார் என நினைத்துவிடாதீர்கள். கவரின் மூலையில் ஒட்டியிருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறார். ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், சாய்சதுரம் இருந்தால் மும்பை, வெறும் புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. எந்த ஊரில் அச்சானது என்று தெரியாமல் அவரால் பந்திக்குப் போக முடியாது. பார்த்து முடித்ததும் உதட்டைப் பிதுக்குவார்.

"பசை போட்டுட்டான் சார். இனிமே இதுக்கு நம்பரே கிடையாது. வெறும் டீடெய்ல்ஸ்தான்."

ஏதோ பெண் வீட்டு விவரம் வெளியே வருகிறது என்று நினைத்து, மாப்பிள்ளையின் சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகே வந்து உட்காருவார்.

இவர்தான் கிரேடுக்காரர். இன்று ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். பழைய காசு சேர்ப்பவர்களோடு இவரைச் சேர்த்து எண்ணினால் இரு தரப்புக்கும் கோபம் வரும். அந்தக் காலத்துக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஓட்டைக் காலணாவும் தம்பிடியும் போட்டு வைத்திருப்பார்கள். கேட்டால் கொட்டிக் காட்டுவார்கள். நீங்களும் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு காசுக்கும் ஒரு கதை வரும். 1911ஆம் ஆண்டு ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருந்த யானை, தும்பிக்கை சின்னதாகிப் பன்றியாகத் தெரிந்து, ஜனங்கள் கொதித்து, சர்க்கார் பதறிப்போய் வெளியே விட்டதைத் திரும்ப வாங்கி உருக்கி, அடுத்த வருஷம் யானையை ஒழுங்காக வரைந்த கதையை ஒரு காபி ஆறுவதற்குள் சொல்லி முடிப்பார்கள்.

கிரேடுக்காரரிடமும் ஒரு பன்றி ரூபாய் உண்டு. அவரிடம் அதைப் பற்றிக் கேட்டால் ஒரே வரிதான் வரும். "அறுபத்துமூணு."

காசு அவர் வீட்டில் பாட்டிலில் இருக்காது. உள்ளங்கை அளவு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் நிரந்தரமாக அடைபட்டிருக்கும். அதற்கு ஸ்லாப் என்று பெயர். தலைப்பில் ஒரு சீட்டு, சீட்டில் ஓர் எண். பெட்டிகளை வைத்திருக்கும் பீரோவுக்குள் ஈரம் புகாமலிருக்கச் சிலிகா ஜெல் பொட்டலங்கள். அந்தத் தெருவில் யார் வீட்டிலாவது புது ஷூ வாங்கினால், பெட்டிக்குள் இருக்கும் அந்தச் சின்னப் பொட்டலத்தை வாங்கிப்போக அவர் வந்துவிடுவார். பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும் ஜூன் மாதம் அவருக்கு அறுவடைக் காலம்.

இந்த எண் எங்கிருந்து வந்தது? வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1949இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து. மனித உடல் அத்தனையையும் மூன்றே பெரும்பிரிவுக்குள் அடக்கிய அந்தப் புண்ணியவான், தம் நாட்டின் பழைய செப்பு சென்ட்டுக்கு மட்டும் 70 படி வைத்தார். தேய்ந்து தேய்ந்து, இன்ன காசு என்று மட்டும் கண்டுபிடிக்கக்கூடிய நிலையில் இருந்தால் 1. குறையே இல்லாதது 70. ஒன்றாம் எண் காசு ஒரு டாலர் என்றால் எழுபதாம் எண் காசு எழுபது டாலர் பெறும் என்பது அவர் கணக்கு. கணக்கு பிழைத்துப் பல காலம் ஆகிறது. ஆனால் எண் நிலைத்துவிட்டது. இன்று 60லிருந்து 70 வரை என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. ஷெல்டன் இறந்த பிறகு ஒரு சேதி வெளியே வந்தது. நியூயார்க்கில் இருக்கும் அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பைப் பார்க்கப் போனபோதெல்லாம், அங்கிருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையில் தம்மிடம் இருந்த மட்டமான காசுகளை அங்கே வைத்திருக்கிறார். வழக்கு நீதிமன்றம்வரை போனது. தர நிர்ணயத்துக்கு இவரைவிடத் தகுதியான ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்பது என் தாழ்மையான கருத்து.

1986இல் பி.சி.ஜி.எஸ்., அடுத்த ஆண்டே என்.ஜி.சி. என இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் காசைப் பார்த்து எண் போட்டுப் பெட்டிக்குள் அடைக்கும் தொழிலைத் தொடங்கின. நியாயமாகச் சொன்னால் அதில் நன்மை உண்டு. நம் ஊரிலேயே, 1938ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயின் கடைசி எண்ணைச் செதுக்கி 1939 என்று விற்கும் கைகாரர்கள் இருக்கிறார்கள். 1939 ரூபாய்தான் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்குக்கு மேல் வெள்ளி இருந்த கடைசி ரூபாய். 1940இல் சர்க்கார் அதைப் பாதியாகக் குறைத்துவிட்டது. 1939 காசுகள் உருகிப்போய், இன்று மிச்சம் இருப்பவை அபூர்வம். அப்படிப்பட்ட காசை நடைபாதையில் வாங்குவதைவிடப் பெட்டிக்குள் வாங்குவது புத்திசாலித்தனம். சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், பெட்டிக்குள் காசு இருக்கிறது என்பதையே நம்மவர் மறந்துவிடும்போது.

அவர் மகன் பிளஸ் டூவில் கணக்கில் 66 வாங்கினான். வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரிந்ததே தவிர யாரும் பேசவில்லை. நான்காம் நாள் பையன் துணிந்து கேட்டுவிட்டான்.

"போன மாசம் உங்க காசுக்கு அறுபத்தாறு வந்தப்ப அம்மாவைப் பாயசம் வைக்கச் சொன்னீங்களேப்பா?"

"அது எழுபதுக்கு அறுபத்தாறுடா!"

இனி ஏல நாளுக்கு வருவோம். மும்பை, பெங்களூர் ஏல நிறுவனங்களின் கேட்லாக் வந்துவிட்டால் அவர் நடையே மாறிவிடும். பென்சிலால் குறிப்பார், அழிப்பார், மறுபடி குறிப்பார். மாலையில் ஹாலில் உட்கார்ந்து கைபேசியில் நேரலையைத் திறப்பார். காத்திருப்பது 1938ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாய்க்கு. அதே காசு அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது, எண் 66. ஏலத்தில் வருவது 67. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மன்னர் தாமே வந்து பார்த்தாலும் வித்தியாசம் சொல்ல மாட்டார். கன்னத்தில் ஒரு மயிரிழைக் கீறல் கூடவா குறைவா என்பதுதான் விஷயம்.

இருபதாயிரத்தில் ஆரம்பிக்கும். நம்மவர் நாற்பதுவரை போவதாக மனத்துக்குள் சங்கல்பம் செய்திருப்பார். கட்டை விரலை இறக்குவதற்குள் அறுபத்தைந்தாயிரம். விரலை எடுத்து வேஷ்டியில் துடைத்துக்கொள்வார். அங்கே இரண்டு பேர் விடாமல் மோதிக்கொள்கிறார்கள். இந்த உலகத்தில் காசு விலை ஏற அபூர்வமும் அழகும் இருந்தால் போதாது. தன் வரிசையே முதல் வரிசை என்று நிரூபிக்க வேண்டிய இரண்டு பேர் ஒரே சாயங்காலத்தில் விழித்திருக்க வேண்டும். முடிவில் ஒரு லட்சத்து எண்பதாயிரம். அதன் மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன், அதன் மேல் ஜி.எஸ்.டி.

நம்மவர் முகத்தில் சூரியோதயம்.

"என்னங்க, வாங்கிட்டீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு சிரிப்பு?"

"நம்மகிட்ட இருக்கிறதும் இதே காசுதாம்மா. இன்னையிலேர்ந்து அதுவும் லட்சத்து எண்பது."

"அப்ப வித்துடுங்க. மொட்டை மாடி ஒழுகுது."

"விக்கிறதா? இப்பதானே ஏற ஆரம்பிச்சிருக்கு!"

ஆனாலும் அந்த அம்மாள் விடவில்லை. மழையும் விடவில்லை. ஒரு நாள் நாணயக் கண்காட்சிக்குப் பெட்டியோடு போனார். வியாபாரி காசைப் பார்க்கவில்லை. சீட்டைப் பார்த்தார். "பதினெட்டாயிரம் தரேன் சார்." நம்மவர் ஏலக் கதையை எடுத்து விட்டார். வியாபாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது அறுபத்தேழு சார். உங்களுது அறுபத்தாறு. ரெண்டும் வேற வேற காசு."

அன்றிரவே முடிவெடுத்துவிட்டார். பிளஸ் டூ விடைத்தாளுக்கு மறுமதிப்பீடு கேட்பதைப் போல இந்தத் தொழிலிலும் ஒன்று உண்டு. பெட்டியை உடைத்துக் காசை வெளியே எடுத்து, புதிதாய் வந்த காசு என மறுபடி அனுப்புவது. ஒரு எண் கூடி வந்தால் லாபம். குறைந்து வந்தால் வெளியே சொல்ல மாட்டார்கள். மொட்டை மாடியில் துண்டை நான்காக மடித்துப் போட்டு, கட்டிங் பிளையரால் பெட்டியின் ஓரத்தை மெல்லக் கடித்துக் கடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உடைத்தார். விளிம்பை மட்டும் பிடித்துக் காசை எடுத்துக் கீழே கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டு, ஏஜென்டுக்கு போன் செய்ய வாசலுக்குப் போனார்.

அது வியாழக்கிழமை சாயங்காலம். மறுநாள் பூஜைக்காக அவருடைய அம்மா வெள்ளிக் குத்துவிளக்கைத் திருநீறு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் ஒரு வெள்ளி ரூபாய் மங்கிக் கிடந்தது. விளக்கோடு விளக்காக அதற்கும் இரண்டு தேய். போன் பேசித் திரும்பி வந்தபோது ஆறாம் ஜார்ஜ் பளபளவென்று சுவாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் குங்குமத்தோடு.

மாதக்கணக்கில் காத்திருந்து முடிவு வந்தது. எண் இல்லை. சேதப்பட்ட காசுக்கு எண்ணுக்குப் பதிலாக எழுதும் 'டீடெய்ல்ஸ், கிளீன்ட்' என்று மட்டும் போட்டிருந்தது. "என்னப்பா, கவர்ன்மென்டே சுத்தமா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார் அம்மா.

துக்கம் விசாரிக்க ஹார்லிக்ஸ் பாட்டில் பெரியவர் வந்தார். ஆறுதல் சொல்வதில் அவருக்கு நிகர் கிடையாது.

"தம்பி, 1963ஆம் வருஷத்து அமெரிக்க சென்ட் ஒண்ணு இருக்கு. சேகரிப்பவங்களுக்குன்னே ப்ரூஃபா முப்பது லட்சத்துக்கு மேல அடிச்சாங்க. அதுல ஒண்ணுக்கு எழுபது போட்டுட்டாங்க. அப்ப எழுபது வாங்கினது அது ஒண்ணுதான். 2003 ஏலத்துல கிட்டத்தட்ட நாப்பதாயிரம் டாலருக்குப் போச்சு. ஒரு சென்ட் காசு! அப்புறம் என்ன? எல்லாரும் அவங்கவங்க சென்ட்டைத் தூக்கிட்டு ஓடினாங்க. இன்னும் பல காசுக்கு எழுபது வந்துச்சு. விலை விழுந்துச்சு."

கிரேடுக்காரர் பதில் பேசாமல் சட்டைப்பையிலிருந்து லேமினேட் செய்த பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார். 1933ஆம் ஆண்டு அமெரிக்க இருபது டாலர் பொற்காசு. அச்சடித்தும் வெளியிடாமல் அரசே உருக்கிவிட, தப்பித்த சிலவற்றில் ஒன்று எகிப்து மன்னர் ஃபாரூக்கிடம் போய்ச் சேர்ந்தது. அந்தக் காசுதான் என்று சொல்லப்படுவது 2021 ஜூனில் நியூயார்க்கில் சோதபிஸ் ஏலத்தில் ஏறத்தாழ 1.89 கோடி டாலருக்குப் போனது. அதற்கு முன் 2002 ஏலத்தில் அதன் விலை 75,90,020 டாலர். அந்தக் கடைசி இருபது டாலர் எதற்கு என்றால், காசை அரசு அதுவரை முறைப்படி வெளியிடாததால், முகமதிப்பை இப்போதாவது கட்டு என்று வசூலித்துக்கொண்டார்கள். கொடுத்தவர் செருப்பு வடிவமைக்கும் தொழிலதிபர்.

பெரியவர் துண்டைத் திருப்பிக் கொடுத்தார். "சரிதான். புதுக்கோட்டை சமஸ்தானத்துல கருக்காக்குறிச்சியில 1898ல ஐநூத்தியொரு ரோமப் பொற்காசு கிடைச்சுது, தெரியுமா? பத்துக்கு ஒம்பது காசுல சக்கரவர்த்தி மூஞ்சியில உளியால ஒரு வெட்டு. வேணும்னே போட்டது. ஏன் போட்டாங்கன்னு ஆராய்ச்சிக்காரங்க இன்னும் அடிச்சிக்கிறாங்க. அதுல பல காசை லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கிப் பத்திரமா வெச்சிருக்கு. உன் கணக்குல அதெல்லாம் என்ன?"

"டீடெய்ல்ஸ்தான்" என்றார் கிரேடுக்காரர், கொஞ்சமும் அசராமல்.

அவரைத் திருத்த முடியாது, திருத்தவும் வேண்டாம். அவர் காசு, அவர் பீரோ, அவர் ஒழுகும் மாடி. யாரையும் ஏமாற்றவில்லை. என் கவலையெல்லாம் அவர் பேச்சைப் பாதி கேட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றித்தான். லட்சத்து எண்பதாயிரம் என்ற சொல் தெருமுனைக்குப் போவதற்குள், எண் உதிர்ந்து, வெள்ளி உதிர்ந்து, 'பழைய ரூபாய்க்கு ரெண்டு லட்சம்' என்று மட்டும் மிஞ்சும். பால்காரர் வைஷ்ணவி தேவி படம் போட்ட 2012ஆம் ஆண்டு ஐந்து ரூபாய்க் காசை மடியில் முடிந்துகொண்டு கோடீஸ்வரக் கனவு காண்பார். அந்தக் காசு லட்சத்துக்குப் போகும் என்பது வதந்தி. அது நேற்றுவரை பெட்டிக்கடையில் புழங்கிய காசு. இந்தக் கனவை மோப்பம் பிடித்து ஒரு கூட்டம் போன் செய்யும்: "உங்க காசுக்குப் பார்ட்டி ரெடி சார். ரிசர்வ் வங்கிக் கமிஷன் மட்டும் முதல்ல அனுப்பிடுங்க." இந்த மோசடி பெருகிப்போய், தான் பழைய காசு, நோட்டு வாங்குவதோ விற்பதோ இல்லை, அதற்குக் கமிஷன் எதுவும் கேட்பதுமில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட வேண்டி வந்தது.

ஆகவே, பாட்டி பெட்டியில் வெள்ளி ரூபாய் கிடைத்தால் புளியோ, எலுமிச்சையோ, திருநீறோ போட்டுத் தேய்க்காதீர்கள். ஆண்டு 1939 என்றிருந்தால் விவரம் தெரிந்த இரண்டு பேரிடமாவது காட்டுங்கள். கமிஷன் கேட்டு போன் வந்தால் பேசாமல் வைத்துவிடுங்கள். கிரேடுக்காரர் கேட்டால் மட்டும், ஷூ பெட்டியிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.