‘நடைபெற உள்ளது’: நோட்டீஸ் போர்டின் காலவழு குறித்து ஓர் ஆய்வு

தமிழில் காலம் மூன்று என்கின்றன இலக்கண நூல்கள். எழுதியவர்கள் எவரும் பல்கலைக்கழக நோட்டீஸ் போர்டைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ‘நடைபெற உள்ளது’ என்று அங்கே ஒட்டியிருக்கும் கருத்தரங்கு நடந்து முடிந்திருக்கும். பேச வந்தவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். பொன்னாடை அவர் வீட்டு பீரோவில் மடிந்திருக்கும். பயணப்படி மட்டும் இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. தாளோ எதற்கும் அசையாமல் ‘நடைபெற உள்ளது’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இந்த நான்காவது காலத்துக்கு ‘முடிந்த எதிர்காலம்’ என்று பெயர் சூட்டியிருக்கிறேன். அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம், தமிழ்நாட்டிலுள்ள ஒரு பல்கலைக்கழகம். பெயரைச் சொல்வதற்கில்லை, என் ஆய்வேட்டில் இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி. ஆய்வுப் பொருள், துறை வராந்தாவில் தண்ணீர்க் குழாய்க்கு மேலே தொங்கும் பலகை. ஆய்வுக் கருவி, கட்டைவிரல் நகம்.

முதலில் இலக்கணம். ஒரு காலத்தை இன்னொரு காலமாகச் சொல்வது வழு. ஆனாலும் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது நன்னூல். சாப்பிட உட்கார்ந்தவன் ‘இதோ வந்துட்டேன்’ என்று குரல் கொடுக்கிறானே, அது விரைவு. இந்தப் பட்டியலில் மெத்தனம் இல்லை. நன்னூலை எழுதிய பவணந்தியார் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்காரர், சர்க்குலர் செக்‌ஷன் என்ற ஒன்றை அறியாதவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்தது அகழாய்வு. ஒரு நாள் மதிய இடைவேளையில் பலகையின் இடது மூலையைச் சுரண்டினேன். மேலடுக்கில் ரத்ததான முகாம். அதற்கடியில் ‘பன்னாட்டுக் கருத்தரங்கம்’. பன்னாடு என்பது இணையவழியில் பேசிய ஒரே ஒரு யாழ்ப்பாணத்துப் பேராசிரியர். அடுத்த அடுக்கில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம். அதற்கும் கீழே, மொழிபெயர்ப்புப் பட்டறை ஒன்று, உதவித்தொகையுடன். இதைக் கண்டதும் நகம் நின்றுவிட்டது. நான் மூன்று ஆண்டுகளாகத் தேடிய பட்டறை அது. விண்ணப்பிக்கக் கடைசி நாள், ரத்ததானத்துக்கு இரண்டு பருவங்களுக்கு முன்பே போயிருந்தது. அதற்கடியில் மைதாப் பசை காய்ந்து பலகைக் கண்ணாடியோடு கண்ணாடியாகியிருந்தது. கீழடியில் குழி தோண்டியவர்களுக்குக் கிடைத்த பானை ஓடுகளில் பெயராவது இருந்தது.

வாய்ப்பு அறிவிப்பு நம் ஊருக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவருக்குப் போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921ஆம் ஆண்டில், ஊர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் தகுதிகளைக் கல்லிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள். வயது 35க்கு மேல் 70க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் வீடு. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. முன்பு இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய உறவினருக்கும் இல்லை. (இந்தக் கடைசி விதியை மாணவர் மன்றப் பொருளாளர்களுக்கு நீட்டித்தால் என்ன ஆகும் என்பது தனி ஆய்வுக்குரியது.) தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சபை பார்த்திருக்க ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள்.

இன்றைய கேம்பஸ் இன்டர்வியூ நோட்டீஸும் இதே மரபுதான். பத்து, பன்னிரண்டு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பில் 59.5 வாங்கியவனின் ஓலை குடத்துக்குள்ளேயே போகாது. ஒரு வேறுபாடு உண்டு. சோழர் அறிவிப்பை ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்தும் நின்று படிக்கலாம். நம்முடையதை, கம்பெனிக்காரர்கள் காரில் ஏறும்போது படிக்கலாம்.

அழைப்பிதழின் அமைப்பும் கல்வெட்டைப் பின்பற்றுவதே. ராஜராஜன் தொடங்கிவைத்த மெய்க்கீர்த்தி, அரசன் வென்ற நாடுகளை அடுக்கிவிட்டுத்தான் விஷயத்துக்கு வரும். நம் அழைப்பிதழ் சிறப்பு விருந்தினர் வகித்த பதவிகளை அடுக்கும். பல சமயம் விஷயத்துக்கு வராது. பிறகு தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை. இலக்கணத்தில் முன்னிலை என்றால் யாரிடம் பேசுகிறோமோ அவர். அழைப்பிதழில் ‘முன்னிலை’ வகிப்பவரோ தாமும் பேசமாட்டார், அவரிடமும் யாரும் பேசமாட்டார்கள். நாற்காலி அவருடையது, அவ்வளவுதான். மாணவர்கள் கடைசி வரியில் ‘அனைவரும் வருக’ என்பதற்குள் படர்க்கையாக அடங்கிவிடுகிறார்கள்.

என் கோட்பாட்டுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வு அறிவிப்பு மட்டும் சரியான நேரத்தில், சரியான உயரத்தில், நான்கு மூலையிலும் பசை பிடித்து நிற்கும். ஏனென்றால் அதை ஒட்டுபவர் ஆய்வாளரே. கூட்டம் வராவிட்டால் மானம் போவது அவருக்கு. முடிவில் ஓர் இனிப்பு, ஒரு காரம், காபி உண்டு என்பதைத் தாளில் எழுதும் வழக்கமில்லை, எல்லோருக்கும் தெரியும். பக்கத்துத் துறைக்காரர்கள் ஆய்வுத் தலைப்பைக்கூடப் படிக்காமல் ‘எத்தனை மணிக்கு முடியும்?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டு போவார்கள். ஆக, ஆள் வரவேண்டும் என்று நினைப்பவர் ஒட்டினால் தாள் முந்துகிறது. அப்படியானால் மற்றவற்றை ஒட்டுபவர் என்ன நினைத்து ஒட்டுகிறார்?

விடை ஒரு திங்கட்கிழமை கிடைத்தது. எங்கள் பலகைக்குக் கண்ணாடிக் கதவும் பூட்டும் உண்டு. சாவி எப்போதோ தொலைந்துவிட்டது. அதனால் புதுத் தாள்களைக் கண்ணாடிக்கு வெளியே ஒட்டுகிறார்கள். அலுவலக உதவியாளர் அண்ணன் பசை டப்பாவோடு வந்து ஒரு தாளை நீவி ஒட்டினார். தேதியைப் பார்த்தேன்.

“அண்ணே, இது போன வாரமே முடிஞ்சிருச்சே?”

“முடிஞ்சா என்ன தம்பி. ஒட்டி போட்டோ எடுக்கணும்னாங்க. கொஞ்சம் தள்ளு, நிழல் விழுது.”

போனை உயர்த்தி எடுத்தார். படத்தின் அடியில் அட்சரேகை, தீர்க்கரேகை, இடப்பெயர் எல்லாம் தாமாகவே பதிந்தன. படம் நாக் (NAAC) குழுவுக்கான கோப்புக்குப் போகும். தரச்சான்று கொடுக்க 1994இல் அமைந்த அந்த நிறுவனம் சான்று கேட்கிறது; கேட்பது நியாயம்தான். நாங்களும் சான்றுக்காகவே நிகழ்ச்சி நடத்தப் பழகிவிட்டோம், அது எங்கள் சாமர்த்தியம். 2020 ஊரடங்கில் வெபினார் வெபினாராகப் போய், ஃபீட்பேக் படிவத்தை மட்டும் நிரப்பி மின்சான்றிதழ் சேர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நானும் சேர்த்தவன். ஒன்று காளான் வளர்ப்பு பற்றியது.

ஆக, நோட்டீஸ் என்பது சொல்வதற்காக அல்ல, சொன்னோம் என்று காட்டுவதற்காக. அந்த வேலைக்கு முடிந்த எதிர்காலம்தான் பொருத்தமான காலம்.

பழைய சாசனங்கள் பலவற்றின் முடிவில், இத்தருமத்தை அழித்தவன் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று எழுதியிருக்கும். சுரண்டியவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பயம்தான். ஆனாலும் ஆய்வு முடியவில்லை. கண்ணாடிக்கு உள்ளே மூன்று தாள்கள் மஞ்சளித்துக் கிடக்கின்றன. ஒன்றில் ‘உதவித்தொகை’ என்ற சொல்வரை தெரிகிறது, மீதியை மேலே கிடக்கும் தாள் மறைக்கிறது. அந்தப் பூட்டின் சாவி யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து துறை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.