நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை

"நாலு எழுத்து படிச்சாத்தான் நெழல்ல உக்காந்து சம்பாதிக்க முடியும்." மன்னார்குடிப் பக்கத்து எங்கள் கிராமத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் எல்லோரும் சொன்ன காரணம் இதுதான். வெயிலில் குனிந்து நாற்று நட்டவர்களுக்கு, மின்விசிறிக்குக் கீழே போட்ட நாற்காலியே சொர்க்கம். அப்பா என்னைப் பட்டப்படிப்பு வரை படிக்க வைத்தார். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றாள். நடவுக்கும் களைக்கும் வீட்டில் ஆள் வேண்டியிருந்தது.

எழுபதுகளில் எங்கள் தெருவில் குண்டாக இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்: பண்ணையார் வீட்டு ஆட்கள், மளிகைக்கடை முதலாளி, அவ்வளவுதான். உடம்பு வைப்பது வசதியின் அடையாளம். "பூசினாப்ல இருக்கே" என்றால் பாராட்டு. "இளைச்சுப் போயிட்டியே" என்றால் துக்கம் விசாரிப்பது. அந்த நாளை ஆரோக்கியத்தின் பொற்காலம் என்று இன்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீட்டுக் குதிர் காலியாக இருக்கும். தை அறுவடை வரை கடன் வாங்கிய நெல்தான். அம்மாவின் ஒல்லியான உடம்பில் உழைப்பு பாதி, பசி பாதி.

எண்பதுகளின் கடைசியில் சென்னையில் எனக்கு அலுவலக வேலை கிடைத்தது. அப்பா ஆசைப்பட்ட நிழல் கிடைத்துவிட்டது. காலையில் உட்கார்ந்தால் மாலைவரை கோப்புதான், பிறகு கணினி. பதினோரு மணிக்கு டீயும் வடையும், நாலு மணிக்கு டீயும் பஜ்ஜியும். யாருக்காவது பதவி உயர்வு என்றால் இனிப்புப் பெட்டி வரும். ஒரு டீக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால், நாலு டீயிலேயே முப்பது கிராமுக்கு மேல் போய்விடும். ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள் சத்துணவு வல்லுநர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் சோறு. உழவு ஓட்டிய அப்பாவுக்கு எவ்வளவு சோறு போட்டார்களோ, அதே அளவுதான் நாற்காலியில் உட்கார்ந்த எனக்கும் விழுந்தது. வேலை மாறியது, தட்டு மாறவில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்ற அன்பும் மாறவில்லை. இரவுச் சாப்பாடு மட்டும் தொலைக்காட்சித் தொடர் முடிந்தபின் என்று தள்ளிப்போனது. முப்பத்தைந்து வயதில் மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏற முடியவில்லை.

இது என் ஒருத்தியின் கதையல்ல. படிப்பு, வருமானம், உடல் எடை மூன்றையும் இணைத்து உலகெங்கும் நடந்த ஆய்வுகளை 1989இல் சோபல், ஸ்டன்கார்ட் என்ற இருவர் தொகுத்துப் பார்த்தார்கள். ஏழை நாடுகளில் வசதியும் படிப்பும் உள்ளவர்களே பருத்திருந்தார்கள். பணக்கார நாடுகளில், குறிப்பாகப் பெண்களிடம், இது தலைகீழாக இருந்தது. வசதி குறைந்தவர்களே அதிகம் பருத்திருந்தார்கள். முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு நகரும் பாதையில் நாம் இப்போது நிற்கிறோம் என்று நினைக்கிறேன். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் அதிக எடை கொண்டவர்கள் 2015–16இல் 31 சதவீதம். 2019–21இல் 40 சதவீதம். ஆண்கள் 28 சதவீதத்திலிருந்து 37க்கு வந்துவிட்டார்கள்.

அக்கா இப்போது அந்தக் கணக்கெடுப்பின் வயதைத் தாண்டிவிட்டாள். ஆனால் அவளுக்கும் உடம்பு வைத்துவிட்டது. நடவுக்கு எந்திரம் வந்தது. மிக்சியும் கிரைண்டரும் வந்தன. அதற்காக நான் சந்தோஷப்படுகிறேன். ஆட்டுக்கல்லில் தேய்ந்த கைகளை அருகிலிருந்து பார்த்தவள் நான். ஆனால் பெட்டிக்கடையில் அஞ்சு ரூபாய்க்கு பிஸ்கட் பாக்கெட்டும் சிப்ஸும் கிடைக்கின்றன, பச்சைக் காய்கறிக்கு அதைவிட அதிகம் கொடுக்க வேண்டியிருக்கிறது. "முன்ன மாதிரி ஒண்ணும் அதிகமாத் திங்கலடி, ஆனா ஒடம்பு ஏறிக்கிட்டே போவுது" என்கிறாள். மூட்டு வலி, சர்க்கரை இரண்டும் வந்தாகிவிட்டது.

எனக்கும் அவளுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் என்னை உறுத்துகிறது. எனக்கு எடை கூடியபோது நான் படித்துப் பார்த்தேன். நமக்கு உடல் நிறை குறியீட்டெண் 23ஐத் தொட்டாலே எச்சரிக்கை, 25 என்றால் பருமன் என்று தெரிந்துகொண்டேன். எடை கூடாமலே வயிற்றில் மட்டும் கொழுப்பு சேரும் உடல்வாகு நம்முடையது. அதனால் இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80ஐயும் தாண்டக்கூடாது என்றும் தெரிந்தது. நடக்கப் பூங்கா இருந்தது, நடக்க நேரமும் இருந்தது. சோற்றைப் பாதியாக்கிக் காயையும் சுண்டலையும் கூட்ட வருமானம் இருந்தது. முதுகலை படித்த என் மகள் பாக்கெட்டின் பின்புறத்தைப் படிக்காமல் எதையும் வாங்குவதில்லை. அக்காவிடம் "உடம்பைக் குறைங்க" என்று மட்டும்தான் சொன்னார்கள். எப்படி என்று யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. முன்பு அவளுக்கு மறுக்கப்பட்டது பட்டம். இப்போது மறுக்கப்படுவது உடல்நலம். இது பெரிய அநியாயம்.

மாத்திரை கொடுக்க வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர்கள், கூடவே ஒரு அளவு நாடாவும் தட்டில் எவ்வளவு சோறு என்ற பேச்சும் கொண்டுவர வேண்டும். பள்ளிகளில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்தால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வது என் காலத்திலும் உண்டு, இன்றும் உண்டு. இனி நாற்காலியில்தான் வாழப்போகிற பிள்ளைகள் அவர்கள். தலைமையாசிரியர்களே, பெற்றோர்களே, மதிப்பெண்ணுக்காக அந்த ஒரு மணி நேரத்தில் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.