சமாதான வாத்தியாரே, கொஞ்சம் உக்காருங்க

வாங்க வாத்தியாரய்யா, திண்ணையில உக்காருங்க. வாரத்துக்கு ஒரு பீரியடு சமாதானப் பாடம் எடுக்கப் போறியளாமே? நல்ல காரியம். இந்தக் காலத்துப் பிள்ளைக ரொம்பக் கெட்டுப் போச்சு. பெரியவங்க நாங்க எவ்வளவு ஒழுங்கா இருக்கோம்! நீங்க வேலையில சேந்த அன்னைக்கு டீக்கடையில எப்படி மரியாதையா விசாரிச்சோம்? "சாருக்கு எந்த ஊரு?" சொன்னிய. "அங்கன எந்தத் தெரு?" சொன்னிய. "குலசாமி எங்க இருக்கு?" அதையும் சொன்னிய. ஒருத்தனாவது வாயைத் திறந்து உங்க சாதி என்னன்னு கேட்டானா? கேக்க மாட்டோம், அது அநாகரிகம். அன்னைக்குச் சாயங்காலமே உங்களுக்கு வாடகைக்கு வீடு அமைஞ்சிட்டுல்லா? உங்களுக்கு முந்தி இருந்த சயின்ஸ் வாத்தியாருக்குத்தான் கடைசிவரைக்கும் அமையவே இல்ல. பஸ்ஸுலயே வந்துபோனாரு. பாவம், அவருக்கு ராசி இல்ல.

பயலுக கையில கலர் கலரா கயிறு கட்டுதானுகன்னு வருத்தப்பட்டிய. கேட்டுப் பாருங்க, "சாமி கயிறு சார்"ம்பான். எந்தக் கலர் எந்தத் தெருவுக்குன்னு ஆறாங்கிளாஸ் பயலுக்கும் தெரியும், பெட்டிக்கடைக்காரனுக்கும் தெரியும். அதிகாரி வந்து கேட்டா மட்டும் ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது. 2019-ல கயிறு கட்டக்கூடாதுன்னு ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. சத்தம் எழும்பவும் பழையபடியே இருக்கட்டும்னுட்டாங்க.

அப்புறம் 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரி. கூடப் படிக்கிற பயலுகளே அரிவாளோட வீடு புகுந்து ஒரு பையனை வெட்டினானுக. தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. இதுல நையாண்டி பண்ண எனக்கு நாக்கு வரல, விடுங்க.

அதுக்குப் பொறவுதான் நீதியரசர் சந்துரு தலைமையில கமிட்டி. 2024 ஜூன்ல 610 பக்கத்துக்கு அறிக்கை குடுத்தாரு. கயிறு, மோதிரம் கூடாது, பள்ளிக்கூடத்துப் பேர்ல சாதி கூடாது, பிள்ளைகளைப் பேர் வரிசைப்படி உக்கார வைக்கணும், வாத்தியார்மாரை அப்பப்ப இடம் மாத்தணும்னு நிறைய. அதுல எனக்குப் பிடிச்சது வாத்தியார் சமாச்சாரம்தான். அந்த வட்டாரத்துல கை ஓங்கின சாதிக்காரரையே அங்க தலைமையாசிரியரா போடாதீங்கன்னாரு. ஆக, பாடத்தைப் பயலுகளுக்கு மட்டும் எழுதல பாத்தியளா? ஆனா ஒண்ணு, வகுப்புல அகர வரிசையில உக்காருற பிள்ளை, நாலு மணி மணியடிச்சதும் தெரு வரிசையிலதானே வீட்டுக்குப் போவுது? அதுக்கு நீங்க எந்தப் பீரியட்ல பாடம் எடுப்பிய?

படிச்ச பிள்ளைகதான் அடிச்சிக்கிடும்னு இல்ல. நாங்க பஸ்ஸுக்கே அடிச்சிக்கிட்டவங்க. 1997-ல விருதுநகர்ல புதுசா ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குத் தாழ்த்தப்பட்ட சமூகத்துத் தலைவர் வீரன் சுந்தரலிங்கம் பேர் வச்சாங்க. அந்தப் பேர் எழுதின பஸ்ஸுல ஏற மாட்டோம்னு ஆரம்பிச்சு, கலவரம், துப்பாக்கிச்சூடு வரைக்கும் போச்சு. அரசாங்கம் பாத்துச்சு. மாவட்டம், போக்குவரத்துக் கழகம் எல்லாத்துலயும் தலைவர்மார் பேரை எடுத்துட்டு. கட்டபொம்மன் போனாரு, சிதம்பரனார் போனாரு, காமராஜர் போனாரு. தப்பே செய்யாத தலைவர்மாருக்குக் கூண்டோட இடமாற்றம்! அடிச்சிக்கிட்ட நாங்க இங்கனயேதான் இருக்கோம், அதே பஸ்ஸுலதான் போறோம், பேர் இல்லாம.

ஆனா எங்க ஊரு அமைதியான ஊருன்னு தாசில்தாரே சொல்லியிருக்காரு. இருக்காதா பின்ன? அந்த மாதிரி அமைதி எப்படி வரும்னு சொல்லுதேன். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம்னு மதுரைப் பக்கத்து ஊருகளைக் கேள்விப்பட்டிருப்பிய. 1996-ல பஞ்சாயத்துத் தலைவர் பதவியைத் தாழ்த்தப்பட்டவங்களுக்கு ஒதுக்கினாங்க. பத்து வருசம் அங்க ஒழுங்கா ஒரு தலைவர் உக்கார முடியல. வேட்புமனு போட ஆள் வராது; தப்பித்தவறி வந்து ஜெயிச்சா, ஜெயிச்ச கையோட ராஜினாமா. அந்தப் பத்து வருசமும் தெருவுல அமைதிக்குக் குறைச்சலா? எல்லாத் தெருவும் கப்சிப். நார்வேக்காரர் கால்டுங்ன்னு ஒருத்தர், வெட்டுக்குத்து இல்லங்கதுக்காக அது சமாதானம் ஆயிராதுன்னு 1969-லயே எழுதிவச்சாருன்னு உங்க பயிற்சியில சொன்னாங்களாமே. அவரை இந்தப் பக்கம் கூட்டியாந்திருந்தா எங்க அமைதியைக் கண்டு சந்தோசப்பட்டிருப்பாரு.

2006-ல தேர்தல் நடந்துச்சு. கலெக்டர் உதயச்சந்திரன் அந்த ஊருகளுக்குப் போய் ஜனங்களோட உக்காந்து பேசிப் பேசியே நடத்தினாரு. சும்மா சமாதானம்னு போஸ்டர் ஒட்டியிருந்தா நடந்திருக்குமா? நாற்காலியில ஆளை உக்கார வச்ச பொறவுதான் அந்த ஊருகளுக்குப் பேச்சே வந்துச்சு.

அதனால எனக்கு ஒரு யோசனை இருக்கு. உங்க பாடத்தை எட்டாங்கிளாஸ் பிள்ளைக்கு எடுக்காதிய, அது ஏற்கெனவே எங்ககிட்ட டியூசன் படிச்சிட்டு வருது. வார வெள்ளிக்கிழமை அம்மன் கொடைக்கு ஊர்க்கூட்டம் இருக்கு, அங்கன வாங்க. தலைக்கட்டு வரி எழுதுவாங்க. நோட்டைக் கையில வாங்கி, அப்பிராணி மாதிரி முகத்தை வச்சிக்கிட்டு, "கிழக்குத் தெரு ஆளுக பேரை எந்தப் பக்கத்துல எழுதியிருக்கிய, காணோமே?"ன்னு மட்டும் கேளுங்க. அவங்களும் வரி குடுக்கத் தயாராத்தான் இருக்காங்க. வாங்கினா தேர் வடத்துல கை வைக்க விடணும், முதல் மரியாதை யாருக்குன்னு ஒரு பேச்சு வரும், அதான் வாங்கல. "எல்லாம் ஒரு வழக்கம் சார்"னு கணக்குப்பிள்ளை சொல்லுவாரு. அந்த வழக்கம் எந்த வருசத்துல ஆரம்பிச்சதுன்னு அடுத்ததாக் கேளுங்க.

நான்தான் சொல்லிக்குடுத்தேன்னு மட்டும் வாயைத் திறந்திராதிய. தெரிஞ்சா என் வரியையும் திருப்பிக் குடுத்துருவானுக.