மாமியார் ஆயுள் வரை!

ஒரு மருமகள், கும்பகோணம்: மாமனார் செட்டில்மெண்ட் எழுதும்போது வீட்டை 'மனைவி ஆயுள் வரை அனுபவிக்க, அதன் பின் மகனுக்குச் சர்வ சுதந்திர பாத்தியமாய்' என்று எழுதிவிட்டார். இப்போது மாமியார் விற்கப் பார்க்கிறார். முடியுமா?

விற்கலாம். ஆனால் வாங்குபவருக்குக் கிடைப்பது மாமியாரின் மிச்ச ஆயுள்தான். அவர் கண்ணை மூடிய அன்றே வாங்கியவரின் பாத்தியமும் முடிந்தது. வீடு உங்கள் கணவருக்கு. அதுவரை மாமியாரின் சர்க்கரை அளவைப் பெற்ற பிள்ளையைவிட அக்கறையாக விசாரிக்க ஒரு வெளியாள் இருப்பார்.

ஆனால் இதில் ஒரு கொக்கி உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 14(1)-ன்படி பெண்ணின் வசமுள்ள சொத்து அவருக்கு முழு உரிமை. 14(2) என்ன சொல்கிறது? பத்திரமே குறைத்துக் கொடுத்திருந்தால் அந்தக் குறைந்த உரிமைதான். எது எங்கே பொருந்தும் என்பதில்தான் வக்கீல்களுக்குச் சோறு. ஜீவனாம்சத்துக்கு ஈடாகக் கொடுத்த சொத்தென்றால், 'ஆயுள் வரை' என்று எழுதியிருந்தாலும் அது முழு உரிமையாகிவிடும் என்று 1977-ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு வந்த தீர்ப்புகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே விஷயத்தைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. வீடு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பார்த்து முடிக்கும்வரை மாமியாரிடம் பணிவாகவே இருங்கள்.

அதே மருமகள்: மாமியாருக்கு முன்னால் என் கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

முதலில் வாயைக் கழுவுங்கள். அனுபவிக்கத்தான் அவர் காத்திருக்க வேண்டும்; உரிமை ஏற்கெனவே வந்துவிட்டது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 19. அது அவருடைய வாரிசுகளுக்குப் போகும்: மனைவி, பிள்ளைகள், அம்மா. ஆமாம், இறந்த ஆணின் தாயாரும் முதல் வகுப்பு வாரிசு. மாமியாரிடமிருந்து தப்ப வழியில்லை! பத்திரத்தில் 'அச்சமயம் மகன் உயிரோடு இருந்தால்' என்று எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு. அவர் முந்திக்கொண்டால் அந்தப் பத்திரப்படி உங்களுக்கு ஒன்றும் கிடையாது.

அவசரக்காரர், ஈரோடு: அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய தோட்டம் எனக்குத்தான் வரப்போகிறது. இப்போதே எழுதிக்கொடுத்து அட்வான்ஸ் வாங்கலாமா?

முடியாது. வாரிசாக வரப்போகிறோம் என்ற எதிர்பார்ப்பு விற்கிற சரக்கே அல்ல என்கிறது அதே சட்டத்தின் 6-ம் பிரிவு. நாளைக்கே அப்பா தங்கச்சி பெயருக்கு உயில் எழுதினால் என்ன செய்வீர்கள்? கும்பகோணத்துக் கணவர் நிலைமை வேறு. கையில் பத்திரம் இருப்பதால் தன் மீதி உரிமையை அவர் இன்றே விற்கலாம். வாங்கியவர்தான் வாசலில் காத்திருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருநெல்வேலி: மகனுக்கு எழுதிக்கொடுத்து, 'எக்காலத்திலும் யாதொரு பராதீனமும் செய்யக்கூடாது' என்று நிபந்தனை போட்டால்?

மகனுக்கு வீடு கிடைக்கும், நிபந்தனை செல்லாது (பிரிவு 10). விற்றுவிடுவான் என்ற பயம் இருந்தால் அவனுக்கு ஆயுள் உரிமை மட்டும் கொடுத்து, மீதியைப் பேரனுக்கு எழுதுங்கள்.

அதே தலைமையாசிரியர்: பேரன் இன்னும் பிறக்கவில்லை. அவனுக்கும் ஆயுள் வரை, அவன் மகனுக்கும் ஆயுள் வரை என்று எழுதிக்கொண்டே போகலாமா?

கல்கத்தாவில் பிரசன்ன குமார் தாகூர் என்ற பெரும் பணக்காரர் இதைத்தான் செய்து பார்த்தார். ஒரே மகன் ஞானேந்திர மோகன் கிறிஸ்தவராகிவிட்டார் என்று அவரைத் தள்ளிவைத்து, அண்ணன் தம்பி வழிப் பிள்ளை ஜதீந்திர மோகனுக்கு ஆயுள் வரை, பிறகு ஆண் வாரிசுகளுக்கு வழிவழியாக என்று உயில் எழுதினார். 1872-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைப் பாதியில் வெட்டியது. தனி ஆள் தன் இஷ்டத்துக்குப் புது வாரிசு முறை உண்டாக்க முடியாது. உயில் எழுதியவர் இறக்கும்போது பிறந்தே இராதவருக்கு இந்து முறைப்படி கொடுக்கவும் முடியாது. ஜதீந்திரருக்கு ஆயுள் உரிமை மட்டும் நின்றது. அதற்கு மேல் உள்ள சொத்து யாருக்கு? தள்ளிவைக்கப்பட்ட அதே மகனுக்கு!

பிறகு 1914-ல் சென்னை மாகாணம் தனிச் சட்டம் போட்டு, பிறக்காதவருக்கும் கொடுக்கலாம் என்று வழிவிட்டது. ஆனால் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 13-ம் பிரிவின்படி, பிறக்காத பேரனுக்குக் கொடுத்தால் மிச்சம் முழுவதையும் கொடுத்துவிட வேண்டும். ஆயுள் வரை மட்டும் என்றால் செல்லாது, அவனை அடுத்து வரும் கொள்ளுப்பேரன் பங்கும் சேர்ந்து போய்விடும். 14-ம் பிரிவு கெடுவும் வைத்திருக்கிறது: இன்று இருப்பவர் ஆயுள், அதற்கு மேல் அடுத்த பிள்ளை மேஜராகும் வரை. மணி அடித்ததும் வகுப்பை விட்டுவிட வேண்டும், சார்.

ஒரு தகப்பனார், வேலூர்: செட்டில்மெண்டா, உயிலா?

உயிலைக் கடைசி மூச்சு வரை மாற்றலாம். அதனால் காபி சூடாக வரும். செட்டில்மெண்டில் உரிமை அன்றே கைமாறிவிடும், கோபம் வந்தால் கிழித்துப்போட முடியாது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஆயுள் உரிமையை உங்களுக்கும் மனைவிக்கும் நிறுத்திக்கொண்டு எழுதுங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே போடுங்கள். மகன் கைவிட்டால், 2007-ம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ம் பிரிவில் ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட அதுதான் பிடி.

மனை வாங்குபவர், செங்கல்பட்டு: வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. போதுமா?

போதாது. பதிவான உயில்கூட மூன்றாம் புத்தகத்தில் ஏறுவதால் வில்லங்கத்தில் வராது. தாய்ப்பத்திரத்தை வாங்கி 'ஆயுள்' என்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று படியுங்கள்.

கட்டை பிரம்மச்சாரி, மதுரை: எனக்கு வாரிசும் இல்லை, உயில் எழுதும் எண்ணமும் இல்லை. நிலம் என்ன ஆகும்?

பங்காளி, தாயாதி என்று சட்டம் வெகுதூரம் தேடும். ஒருவருமே அகப்படாவிட்டால் 1956 சட்டத்தின் 29-ம் பிரிவுப்படி அரசாங்கத்துக்குப் போகும், உங்கள் கடனையும் சேர்த்துத்தான்.