டெயில்ஸ்டாக் ஏன் முரண்டு பிடிக்கிறது?

கேள்வி: என் சின்ன மரக் கடைசல் லேத்தில் டெயில்ஸ்டாக் நகரவே மாட்டேன் என்கிறது. வாரம் தவறாமல் எண்ணெய் விடுகிறேன். பெட்டை அரத்தால் ராவிவிடலாமா? – வாசகர், சிங்கவரம்

பதில்: உங்கள் ஊரில் அசையாமல் படுத்திருக்கும் உரிமை குடைவரை அரங்கநாதர் ஒருவருக்குத்தான். டெயில்ஸ்டாக்குக்குக் கிடையாது. குற்றவாளி நீங்கள் விடும் எண்ணெய்தான். இரும்பு லேத்துக்கு விடுகிறார்களே என்பீர்கள். இரும்புச் சீவல் எண்ணெயைக் குடிக்காது. மரத்தூள் குடிக்கும், குடித்துக் களியாகி இறுகும். அடியிலுள்ள நட்டைத் தளர்த்தி டெயில்ஸ்டாக்கைக் கழற்றிப் பாருங்கள், கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கும். மண்ணெண்ணெய் போதும். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் போல அரக்கு ஏற்றுபவரானால் கதை வேறு: சுழலும் மரத்தின் உராய்வுச் சூட்டில் உருகித் தெறிக்கும் அரக்கு மண்ணெண்ணெய்க்கு மசியாது, பாலிஷ்காரர்களின் ஸ்பிரிட்டுக்குத்தான் கரையும். துடைத்த பெட்டில் மெழுகைத் தேய்த்து, துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். மெழுகு வழுக்குமே, பிடி நிற்குமா? பிடியைத் தருவது அடித்தகட்டை இழுத்து இறுக்கும் போல்ட். மெல்லிய மெழுகுப்படலம் அதைத் தடுக்காது.

டெயில்ஸ்டாக் வழுக்கிப் போகிறது, கைச்சக்கரம்தான் கடினம் என்றால், உள்ளே நகரும் குழலைக் கழற்றி நகத்தால் வருடுங்கள். பூட்டுத் திருகின் முனை குத்திக் குத்தி ஒரு பிசிர் எழும்பியிருக்கலாம். அரத்துக்கு வேலை அங்கேதான், அதுவும் பிசிரின் தலையில் மட்டும். பெட்டை ராவினால் ஹெட்ஸ்டாக் முனையும் டெயில்ஸ்டாக் முனையும் நேருக்கு நேர் சந்திக்காது; பிறகு துளை போட்டால் கோணலாகத்தான் இறங்கும்.